கிரிட்ஸ் என்ற மக்காச்சோளக் குறுணை: எப்படிக் கிண்டுவது, எதோடு சாப்பிடுவது?

குடமுருட்டிக்கரை (மே 9, இரவு 8.15)

மகள் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கிறாள். லீவுக்கு வந்தபோது இரண்டு பொட்டலம் கிரிட்ஸ் கொண்டுவந்தாள். செய்து காட்டுவதற்குள் மாமியார் வீட்டுக்குப் புறப்பட்டுவிட்டாள். பார்த்தால் வெள்ளை ரவை மாதிரிதான் இருக்கிறது, கொஞ்சம் பருமன் அதிகம். சரி, உப்புமாதானே என்று நானே அடுப்பங்கரைக்குள் நுழைந்தேன். நெய்யில் வறுத்தேன், கடுகு தாளித்தேன், ஒரு டம்ளருக்கு இரண்டரை டம்ளர் தண்ணீர் விட்டேன். பத்து நிமிடத்தில் தண்ணீர் வற்றிவிட்டது. வாயில் போட்டால் நறநறவென்று குடமுருட்டி ஆற்று மணல்! வீட்டுக்காரி ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு, "இதைக் கோழிக்குப் போட்டால் கோழி கோபித்துக்கொள்ளும்" என்று எழுந்து போய்விட்டாள்.

இன்னும் ஒன்றரைப் பொட்டலம் இருக்கிறது. மகளிடம் கேட்டால் போனில் சிரிக்கிறாள். செய்தவர்கள் யாராவது சொல்லுங்கள். எவ்வளவு தண்ணீர், எவ்வளவு நேரம், அப்புறம் எதோடு சாப்பிடுவது?

மன்னை மருமகள் (மே 9, இரவு 8.52)

அண்ணா, நீங்கள் அதை ரவை என்று நினைத்ததுதான் தப்பு. அது நொய். நொய்க்கஞ்சி வைப்பது போல வையுங்கள், வழிக்கு வரும்.

வெண்ணாற்று விவசாயி (மே 9, இரவு 9.30)

மேட்டூர் எப்போது திறப்பார்கள், குறுவைக்கு விதை என்ன விடலாம் என்று பேச வேண்டிய மாதத்தில் மக்காச்சோளக் கஞ்சிக்கு ஒரு விவாத இழை! நெல் விளைகிற மண்ணில் உட்கார்ந்துகொண்டு நாமக்கல் கோழித் தீனியைக் கிண்டிக்கொண்டிருக்கிறோம். நடத்துங்கள்.

சார்ல்ஸ்டன் தஞ்சாவூர்க்காரி (மே 10, காலை 6.05)

மன்னை மருமகள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். நான் பதினோரு வருடமாகத் தெற்குக் கரோலினாவில் இருக்கிறேன். இங்கே வந்த முதல் மாதம் நானும் இதே உப்புமாவைக் கிண்டி இதே மணலைத் தின்றவள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் பொட்டலத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். "ஸ்டோன் கிரவுண்ட்" என்றால் கல் எந்திரத்தில் உடைத்தது. பருமன் ஒரே சீராக இருக்காது, முளைப்பகுதியும் பெரும்பாலும் கூடவே இருக்கும். இது வேக முக்கால் மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். "குயிக்" என்றால் இன்னும் பொடியாக அரைத்தது, ஐந்து முதல் ஏழு நிமிடம் போதும். "இன்ஸ்டன்ட்" என்பது ஏற்கெனவே வேக வைத்து உலர்த்தியது, கொதிநீர் ஊற்றினால் தீர்ந்தது. அந்த மூன்றாவதை இங்கே தெற்கத்திப் பாட்டிகளிடம் சொல்லிப் பாருங்கள், நம் ஊரில் பாக்கெட் பொடியில் வைத்த சாம்பாரைப் பார்க்கும் அதே பார்வை கிடைக்கும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது கல் எந்திரத்து வகைதான். அதற்கு வறுப்பு வேண்டாம். முதல் நாள் இரவே பாத்திரத்தில் போட்டு, ஒரு பங்குக்கு நாலரைப் பங்கு தண்ணீர் ஊற்றி ஊற வையுங்கள். ஒரு தடவை கலக்கிவிட்டால் உமி மேலே மிதக்கும். கரண்டியால் அதை மட்டும் எடுத்துவிடுங்கள், அரிசி களைகிற மாதிரி தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், மாவு அதில்தான் இருக்கிறது. காலையில் அதே தண்ணீரோடு அடுப்பில் ஏற்றி, உப்பை அப்போதே போட்டுக் கிளறிக்கொண்டே கொதிக்க விடுங்கள். குளிர்ந்த தண்ணீரிலிருந்து ஆரம்பித்தால் கட்டி தட்டாது. கொதித்து இறுகத் தொடங்கியதும் தீயை அடியோடு குறைத்து மூடி வைத்துவிடலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அடியைச் சுரண்டிக் கிளறினால் போதும். கெட்டியானால் கொதிக்கிற தண்ணீர் அரைக் கரண்டி, அல்லது பால். பச்சைத் தண்ணீர் ஊற்ற வேண்டாம். இறக்கும்போது வெண்ணெய், மிளகுத்தூள்.

வெந்ததா என்று பார்க்கக் கடிகாரம் வேண்டாம், நாக்கில் வைத்துப் பாருங்கள். நறநறப்பு இருந்தால் இன்னும் கால் மணி நேரம்.

குடமுருட்டிக்கரை (மே 10, காலை 7.20)

ரொம்ப நன்றிம்மா. பொட்டலத்தில் ஸ்டோன் கிரவுண்ட் என்றுதான் இருக்கிறது. நான் அதை ஏதோ கம்பெனிப் பெயர் என்று நினைத்துவிட்டேன்.

பெரம்பலூர் மானாவாரி (மே 10, காலை 10.40)

வெண்ணாற்று அண்ணே, கோழித் தீனி என்று சொல்லிவிட்டீர்கள், கோபமில்லை. எங்கள் பக்கம் கரிசல் காட்டில் விளைகிற மக்காச்சோளம் பெரும்பாலும் தீவனத்துக்குத்தான் போகிறது, அது உண்மை. 2018இல் படைப்புழு வந்து குருத்தைத் தின்றபோது அந்தக் கோழிக்கும் தீனி இல்லாமல் திண்டாடினோம். ஆனால் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். "எங்கள் தாத்தா சோளச்சோறு தின்றார்" என்று இந்த மாதிரி இழைகளில் யாராவது வந்து சொல்வார்கள். அந்தச் சோளம் வேறு, நாட்டுச்சோளம், வெள்ளையாக உருண்டையாக இருக்கும். மக்காச்சோளம் அமெரிக்கக் கண்டத்துப் பயிர், கொலம்பஸ் போய் வந்த பிறகுதான் கடல் தாண்டியது. பெயர் ஒன்று போல இருந்தாலும் இரண்டும் வேறு வேறு பயிர், வேகும் பக்குவமும் வேறு.

அமெரிக்காவிலிருந்து பொட்டலம் வராதவர்களுக்கு: நல்ல காய்ந்த மக்காச்சோளத்தை மாவு மில்லில் கொடுத்து, "மாவாக்காதே, நொய்யாக உடைத்துக் கொடு" என்று சொல்ல வேண்டும். வீட்டுக்கு வந்து முதலில் ரவைச் சல்லடை, பிறகு நொய்ச் சல்லடை. மாவு தனி, ரவை தனி, குறுணை தனி என்று மூன்றாகப் பிரியும். அந்தக் குறுணைதான் உங்கள் கிரிட்ஸ். மாவை அடை மாவில் கலக்கலாம், ரவையை அண்ணன் ஆசைப்பட்ட உப்புமாவுக்கு வைத்துக்கொள்ளலாம். நம்முடையது மஞ்சள், அவருடையது வெள்ளை, சமையலில் பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் தீவனக் கடையில் மூட்டையிலிருந்து அள்ளி வந்து உடைக்காதீர்கள். ஈரத்தோடு கட்டி வைத்த மக்காச்சோளத்தில் பூஞ்சணம் பிடிக்கும், அந்த நஞ்சு வேக வைத்தாலும் போகாது. கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள், பூசண வாடை அடித்தால் தொடவே வேண்டாம். சாப்பாட்டுக்கென்று விற்பதை மளிகைக் கடையில் வாங்குங்கள்.

கும்பகோணம் பாட்டி (மே 10, மதியம் 2.10)

இதற்கு இவ்வளவு பாடா? குக்கர் எதற்கு இருக்கிறது? ஊறின குறுணை ஒரு பங்கு, தண்ணீர் நாலு பங்கு, உள்பாத்திரத்தில் வைத்து ஐந்து விசில். ஆவி அடங்கினதும் திறந்து, காய்ச்சின பால் ஒரு டம்ளர் விட்டு மத்தால் நாலு கடை. பிறகு சர்க்கரை, ஏலக்காய், ஒரு ஸ்பூன் நெய். குழந்தைகள் கிண்ணத்தை வழித்துத் தின்னும்.

சார்ல்ஸ்டன் தஞ்சாவூர்க்காரி (மே 10, மாலை 5.45)

பாட்டி, குக்கர் முறை சரிதான். ஆனால் சர்க்கரையா! இந்த ஊரில் கிரிட்ஸில் சர்க்கரை போட்டேன் என்று சபையில் சொல்லக் கூடாது. உப்பும் வெண்ணெயும்தான் கிரிட்ஸ், சர்க்கரை போட்டால் அது வேறு பண்டம் என்று சண்டைக்கே வருவார்கள். ஜார்ஜியாவில் 2002இல் இதை மாநிலத்தின் அதிகாரபூர்வச் சமைத்த உணவு என்று சட்டசபையில் அறிவித்திருக்கிறார்கள், அவ்வளவு பாசம்.

கும்பகோணம் பாட்டி (மே 10, மாலை 6.30)

அவர்கள் சட்டம் அவர்கள் சபையில். என் அடுப்பில் என் சட்டம்.

மருந்துச்சீட்டு (மே 11, காலை 9.15)

வேறு குழுக்களில் இதைச் "சுகர்காரர்களுக்கு அருமருந்து, அரிசிக்கு மாற்று" என்று சுற்றுக்கு விடுகிறார்கள். தயவுசெய்து நம்பாதீர்கள். இதுவும் மாவுச்சத்துதான். நன்றாகக் குழைந்து வெந்த கிரிட்ஸ், குழைந்த சோறு மாதிரியே சர்க்கரையை ஏற்றும். ஆசைக்குச் சாப்பிடலாம், கிண்ணம் சிறியதாக இருக்கட்டும், கூடவே இறாலோ பருப்போ முட்டையோ இருக்கட்டும்.

இன்னொரு விஷயம். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற வைட்டமின் உண்டு, ஆனால் உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. மெக்சிகோவில் பழங்காலத்திலிருந்தே முழுச்சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் கொதிக்க வைத்து, இரவெல்லாம் ஊறப்போட்டு, தோலைக் கசக்கிக் கழுவிவிட்டுத்தான் அரைப்பார்கள். அந்தச் சுண்ணாம்பு நியாசினை விடுவித்துவிடும். வெள்ளைக்காரர்கள் பயிரை எடுத்துக்கொண்டார்கள், பக்குவத்தை விட்டுவிட்டார்கள். விளைவாக, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தெற்கில் சோளமாவையும் வெல்லப்பாகையும் கொஞ்சம் பன்றிக்கொழுப்பையும் மட்டுமே தின்ற ஏழைகளுக்குப் பெலக்ரா என்ற நோய் வந்தது. தோல் வெடித்து, வயிற்றுப்போக்கு, புத்தி பேதலிப்பு, கடைசியில் சாவு. தொற்றுநோய் என்றுதான் பலரும் நம்பினார்கள். 1914இல் ஆராய வந்த ஜோசப் கோல்ட்பெர்கர் என்ற மருத்துவர், இது சாப்பாட்டுக் குறை என்று காட்டினார். குறைவது நியாசின்தான் என்பது 1937இல் தெரிந்தது.

நாம் வாரத்துக்கு ஒருநாள் சாப்பிடுவதற்கு இந்தக் கவலையெல்லாம் வேண்டாம். மூன்று வேளையும் அதையே தின்றால்தான் பிரச்சினை.

மன்னை மருமகள் (மே 11, காலை 9.50)

சுண்ணாம்பு என்றால் வெற்றிலைக்குப் போடுகிறோமே, அதுவா? கும்பகோணம் வெற்றிலை மடித்துக்கொண்டே கேட்கிறேன்.

மருந்துச்சீட்டு (மே 11, காலை 10.20)

பொருள் அதேதான், நீற்றின சுண்ணாம்பு. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பில் சாயமும் வாசனையும் சேர்த்து விற்கிறார்கள், அதைச் சமையலில் போடாதீர்கள். உணவுக்கென்று விற்கும் சுண்ணாம்புத் தூள் தனியாகக் கிடைக்கும். ஒரு கிலோ சோளத்துக்குப் பத்து கிராம் அளவு போதும். அப்படித் தோல் நீக்கிய சோளத்துக்கு ஹோமினி என்று பெயர், அதைக் காயவைத்து உடைத்தால் ஹோமினி கிரிட்ஸ். உடைத்த பிறகு குறுணையில் சுண்ணாம்பு போடுகிற வேலை வேண்டாம், முழுமணியில்தான் செய்ய வேண்டும்.

நாகை நெய்தல் (மே 11, இரவு 7.35)

சார்ல்ஸ்டன் அக்கா, நீங்களே சொல்வீர்கள் என்று இரண்டு நாளாகக் காத்திருக்கிறேன். கிரிட்ஸ் என்றாலே இறால்தானே! உங்கள் ஊர்க் கடற்கரையில் மீனவர்களின் காலைச் சாப்பாடு அது. நான் கப்பலில் சமையல்காரனாக இருந்தபோது ஒரு தெற்கத்தி அதிகாரி கற்றுக்கொடுத்தார். நம் கைக்கு மாற்றி இப்படிச் செய்கிறேன்.

இறால் அரைக் கிலோ. தலையையும் ஓட்டையும் எறியாதீர்கள். அதை ஒரு ஸ்பூன் எண்ணெயில் சிவக்க வதக்கி, ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் கொதிக்க வைத்து வடிகட்டுங்கள். கிரிட்ஸ் இறுகும்போதெல்லாம் ஊற்றச் சொன்னார்களே, அந்தத் தண்ணீருக்குப் பதில் இந்தச் சாறு. இதில்தான் மொத்தச் சமாச்சாரமும் இருக்கிறது. சதையைத் தனியாக வையுங்கள். சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு தக்காளி, மிளகு, கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டுத் தொக்காகச் சுருட்டி, கிரிட்ஸ் இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்னால் இறாலைப் போடுங்கள். சுருண்டு சிவந்ததும் அடுப்பை அணைத்துவிடுங்கள். இன்னும் இரண்டு நிமிடம் விட்டால் ரப்பர்.

இப்போது தடைக்காலம், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது. அதனால் கடல் இறால் கிடைப்பது அரிது, கிடைத்தாலும் விலை கேட்கவே பயமாக இருக்கிறது. முத்துப்பேட்டைப் பக்கத்து காயல் இறால் வந்தால் விடாதீர்கள். பண்ணை இறால்தான் கிடைக்கிறதென்றால் அதுவும் ஓடும், தலைச்சாறுதான் கொஞ்சம் சப்பென்று இருக்கும்.

குடமுருட்டிக்கரை (மே 12, மாலை 4.40)

இன்று இரண்டாம் தடவை. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

நேற்று இரவு ஊறவைத்தேன், உமி எடுத்தேன். ஒரு டம்ளருக்கு நாலரை டம்ளர். பொங்கலுக்கு மட்டும் இறங்கும் வெண்கலப் பானையை வீட்டுக்காரியின் அனுமதியோடு இறக்கினேன். கொதிக்கிற வரைக்கும் அமைதியாக இருந்தது. கெட்டியானதும் "பொளக், பொளக்" என்று குமிழி வெடித்து ஒரு சொட்டு மணிக்கட்டில் விழுந்தது, கொப்புளம். யாருமே இதைச் சொல்லவில்லையே! நீளக் காம்புத் துடுப்பும் சரிந்த மூடியும் கட்டாயம் வேண்டும், புதிதாகச் செய்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐம்பது நிமிடம் ஆயிற்று. நறநறப்பு போயே போய்விட்டது. தளதளவென்று, நொய்க்கஞ்சிக்கும் மோர்க்களிக்கும் நடுவில் ஒரு பதம். எங்கள் வீட்டில் சைவம், அதனால் இறால் இல்லை. மூன்று விதமாகத் தொட்டுப் பார்த்தோம். வத்தக்குழம்பு சரிப்படவில்லை, புளி சோளத்தின் வாசனையை அமுக்கிவிடுகிறது. பாசிப்பருப்புக் கடப்பா பரவாயில்லை, ஆனால் இரண்டும் கொழகொழ. கத்திரிக்காயைச் சுட்டுச் செய்த கொத்சுதான் பொருந்தியது. அந்தச் சுட்ட வாடையும் மேலே உருகின வெண்ணெயும், ஆகா.

பரிமாறுவதில்தான் கோட்டைவிட்டேன். பழக்கதோஷத்தில் இலையில் போட்டுவிட்டேன், நாலா பக்கமும் ஓடியது. ரசத்துக்குச் சோற்றில் குழி வெட்டுவது போல வெட்டப் பார்த்தேன், குழியே நிற்கவில்லை. கொத்சு ஒரு பக்கம், இது ஒரு பக்கம், நான் கையால் அணைகட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

சார்ல்ஸ்டன் தஞ்சாவூர்க்காரி (மே 12, மாலை 6.15)

கொப்புளத்துக்கு மன்னிக்கணும் ஐயா, அதைச் சொல்ல மறந்தது என் தப்புதான்.

இலை வேண்டாம், குழிவான கிண்ணம். கிண்ணத்தைக் கொதிநீரில் அலசிச் சூடாக்கிக்கொள்ளுங்கள். சாப்பிடுகிறவர்கள் உட்கார்ந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். இது சோறு மாதிரி காத்திருக்காது, ஐந்து நிமிடத்தில் மேலே ஏடு படிந்து இறுக ஆரம்பித்துவிடும். பந்தி வைக்கிற ஆசை இருந்தால் பாத்திரத்தை வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கி வைத்து மூடி, அவ்வப்போது வெந்நீர் விட்டு இளக்குங்கள். குழம்பை நடுவில் ஊற்றினால் தானே குழி விழும், வெட்ட வேண்டாம்.

மிச்சம் இருந்தால் எறிந்துவிடாதீர்கள். எண்ணெய் தடவின தட்டில் ஊற்றி ஃப்ரிட்ஜில் வையுங்கள், காலையில் கேக் மாதிரி துண்டு போடலாம்.

குடமுருட்டிக்கரை (மே 13, காலை 8.10)

துண்டு போட்டு, தோசைக்கல்லில் நல்லெண்ணெய் விட்டு, இரண்டு பக்கமும் சிவக்க விட்டேன். புரட்டுவதில் அவசரப்பட்டால் ஒட்டிக்கொள்கிறது, தானாகக் கல்லை விடுகிற வரை பொறுக்க வேண்டும். தொட்டுக்கொள்ள மோர் மிளகாய். வீட்டுக்காரி நாலு துண்டு சாப்பிட்டாள். கோழி பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. பானையைத் தேய்க்கும்போதுதான் இரண்டு வார்த்தை சொன்னாள். நாமேதான் தண்ணீர் ஊற்றி ஊறப்போட வேண்டுமாம், காய்ந்தால் சிமெண்ட்.

பெரம்பலூர் மானாவாரி (மே 13, காலை 8.45)

மிச்சப் பொட்டலத்தையும் ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிடுங்கள் அண்ணே. முளையோடு உடைத்த குறுணையில் எண்ணெய்ப் பசை உண்டு. நம் ஊர் வெயிலுக்கு வெளியே கிடந்தால் காறல் வாடை வந்துவிடும்.

வெண்ணாற்று விவசாயி (மே 13, இரவு 9.05)

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒரு கேள்வி. மக்காச்சோளத்துக்குப் பதில் அரிசி நொய்யில் இதே பக்குவம் வருமா? வீட்டில் அரை மூட்டை நொய் கிடக்கிறது.

சார்ல்ஸ்டன் தஞ்சாவூர்க்காரி (மே 14, காலை 5.50)

அண்ணே, நீங்கள் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். இந்தக் கரோலினாக் கடற்கரையும் ஒரு காலத்தில் நெல் பூமிதான். கடல் ஏற்றத்துக்கு ஆற்றுநீர் உயர்வதை மடைகட்டி வயலுக்குத் திருப்பினார்கள். உழைத்தவர்கள் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்கள். முழு அரிசி கப்பலேறிப் போகும், உடைந்த நொய் ஊரில் தங்கும். அந்த நொய்க்கு "ரைஸ் கிரிட்ஸ்" என்றே பெயர், இன்றும் விற்கிறார்கள், இறாலோடு சாப்பிடுகிறார்கள்.

தண்ணீர் நாலு பங்கு, நேரம் இருபது நிமிடம் போதும். புழுங்கல் நொய் என்றால் கொஞ்சம் கூட.

வெண்ணாற்று விவசாயி (மே 17, மதியம் 1.30)

பச்சரிசி நொய், காயல் இறால், நாகைத் தம்பி சொன்ன தலைச்சாறு. செய்தாயிற்று. சாறு ஒரு லிட்டர் பத்தவில்லை, ஒன்றேகால் வேண்டும். கிண்ணத்தில்தான் சாப்பிட்டோம்.

நாகை நெய்தல் (மே 17, மதியம் 1.42)

இறால் எவ்வளவு போயிற்று அண்ணே, கிலோ?

வெண்ணாற்று விவசாயி (மே 17, மதியம் 1.50)

அதை என் வீட்டில் கேட்காதே தம்பி. இன்னும் சொல்லவில்லை.